ஐந்து பேருக்கு மட்டும் இடம்

எங்கள் கோயில் கொம்பியூட்டருக்குப் பக்தர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு எல்லாரும் கஸ்ரமர்தான்.

புல்லு வெட்டுகிறவர்களும் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் மாதா மாதம் பில் அனுப்புவதற்கென்று யாரோ எழுதிய புரோகிராம் அது. காரியதரிசி இரத்தினவேல் அண்ணை அதை எங்கேயோ மலிவாகப் பிடித்து, தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ரதி, இனிக் கொப்பியும் பேனையும் தேவையில்லை. எல்லாம் டெம்பிளேற்" என்றார். அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தால், கும்பாபிஷேகமே முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். டெம்பிளேற் செய்ய வேண்டியவள் நான் என்பது அந்தப் பூரிப்பில் சேர்த்தியில்லை.

டெம்பிளேற் என்பது ஒரு அச்சு. மாத அர்ச்சனைச் சந்தாவுக்கு ஒருமுறை அதைச் செய்து வைத்துவிட்டால், புதிதாக ஒரு குடும்பம் சேரும்போது பெயர்களை மட்டும் தட்டினால் போதும். என்ன பூசை, எந்த வெள்ளிக்கிழமை, எப்போது தொடங்குவது, எதுவரைக்கும் என்பதெல்லாம் தானாக வந்து நிரம்பும். பிறகு ஒவ்வொரு மாதமும் அது தானே பட்டியல் எடுக்கும், தானே அட்டை அடிக்கும். நட்சத்திரம் எழுத அதில் இடமில்லை. ஆகவே பொருளின் பெயர் என்ற கட்டத்தில் ஆளின் பெயரையும், பொருளின் நிறம் என்ற கட்டத்தில் நட்சத்திரத்தையும் போட்டேன். நாங்கள் வந்து குடியேறிய ஸ்காபரோவில் இன்றைக்கும் எத்தனையோ பேருடைய நிறம் திருவாதிரை.

குடும்ப டெம்பிளேற்றில் ஐந்து வரி. ஒரு குடும்பமென்றால் ஐந்து பேர் என்பது இரத்தினவேல் அண்ணையின் தீர்மானம். அட்டைகளும் ஐந்து வரியோடு அச்சாகி வந்துவிட்டன. உண்மையில், ஐந்தாவது வரியின் முடிவில் என்டர் கட்டையைத் தட்டினால் ஆறாவது வரி தானாக வரும். அதை நான் ஒருவருக்கும் சொல்லப் போகவில்லை. சொன்னால் பெரியப்பாவின் பிள்ளைகள் வரைக்கும் கொண்டுவந்து கொட்டுவார்கள், அதையும் நான்தான் இருந்து தட்ட வேண்டும். பகல் முழுக்க ஃபிஞ்ச் வீதியில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே லேபிள் ஒட்டிவிட்டு, பின்னேரம் நேரே இங்கே வருகிறவள் நான். மில்லிக்கனில் இருக்கிற வீட்டைப் பகல் வெளிச்சத்தில் சனி ஞாயிறு மட்டும்தான் பார்ப்பேன். பிறருடைய குடும்பத்தைப் பெரிதாக்க எனக்குத் தெம்பில்லை.

கோயில் என்று சொல்கிறேனே தவிர, அது ஒரு ரயர் கடைக்குப் பின்னால் இருந்த பழைய பண்டகசாலை. தெருக்கதவைத் திறந்தால் முதலில் சப்பாத்துத் தட்டு. அதை ஒட்டிக் கண்ணாடி வைத்த என் அறை. அதைத் தாண்டி இன்னொரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால்தான் மண்டபமும் சாமியும். ஐயர் மைக்கில் படிப்பது ஸ்பீக்கர் வழியாகச் சப்பாத்துத் தட்டடி வரைக்கும் கேட்கும்.

இராஜரட்ணம் அங்கிளின் குடும்பத்துக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. ஐந்து பெயர். அவர், மனைவி யோகமலர் அன்ரி, மகன் கிருபன், மகள் மயூரி, மயூரியின் கணவன் ஸ்ரீதரன். யோகமலர் அன்ரி நேரத்தோடு வந்து மண்டபத்தின் முன்வரிசையில் நிற்பார். பெயர்கள் படிக்கும்போது மற்றவர்களுக்கு நெஞ்சுக்கு நேரே குவிந்திருக்கும் கை, "அனுஷ நட்சத்திரம், கிருபன்" என்று ஐயர் சொல்லும்போது மட்டும் தலைக்கு மேலே போகும். பார்க்கிறவர்களுக்கு அது என்னவோ செய்யும். நான் சில மாதங்களில் அந்த நேரம் பார்த்துப் பிரின்ரருக்குக் கடதாசி வைக்கத் தொடங்கினேன்.

கிருபன் சோதனை எழுதிவிட்டு வருகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் தங்கியவன். தொண்ணூற்றாறில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். செத்தவர்களுக்கு வேறு கிரியை, வேறு நாள். ஆகவே அந்தத் தாய்க்கு அது வெறும் அர்ச்சனை இல்லை. என் மகன் இருக்கிறான் என்று மாதத்துக்கு ஒருமுறை மைக் வைத்து ஒருவர் சொல்கிறார். அதைக் கேட்கத்தான் அவர் வந்தார்.

இராஜரட்ணம் அங்கிள் கொஞ்ச காலமாக மண்டபத்துக்குள் வருவதில்லை. முழங்கால் நோ என்று சொல்லிக்கொண்டு சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். முழங்கால் நோவுள்ளவர் ஒரு கதிரையில் இருக்கலாமே என்று நான் யோசித்ததுண்டு. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஐப்பசி மாதம், முதல் வெள்ளிக்கு முன்வந்த புதன்கிழமை, அவர் தனியாக என் அறைக்கு வந்தார்.

"பிள்ளை, மயூரியின்ரை பொடியனுக்கு மூண்டு மாசம் ஆச்சு. மிதுனன் எண்டு பேர். அவனையும் சேர்க்க வேணும்" என்றார்.

"நல்லது அங்கிள். ஐஞ்சு வரிதான், ஆனா பறவாயில்லை, உங்களுக்கு ஆறாவதாப் போட்டுவிடுறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"இல்லை, வேண்டாம். கிருபனை எடுத்துப்போட்டு அந்த இடத்திலை போடுங்கோ."

நான் திரையில் இருந்து தலையைத் திருப்பினேன். அவர் என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்ரிக்குத் தெரியுமோ?"

"இடமில்லையாம், கொம்பியூட்டர் ஏற்காதாம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவ நம்புவா."

"ஆறு பேர் போடலாம் எண்டு இப்பதானே சொன்னனான் அங்கிள்."

"போடேலாது எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்தப் பெட்டி வந்த நாளில் இருந்து இதுதான் கதை. அட்டை பிந்தினால் கொம்பியூட்டர். பெயர் மாறினால் கொம்பியூட்டர். இரத்தினவேல் அண்ணை கூட்டத்துக்கு வராவிட்டாலும் கொம்பியூட்டர். எல்லாருடைய பொய்யையும் அதன் தலையில் கட்டினால், கடைசியில் அதற்குப் பக்கத்தில் இருந்து ஏச்சு வாங்குவது நான்.

"உங்கடை வீட்டுப் பிரச்சினைக்கு நான் ஏன் பொய் சொல்ல வேணும்? பெத்த தாயிட்டை மகனுக்கு இடமில்லை எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். முழங்கால் வடிவாக மடிந்தது. பிறகு, ஸ்டேப்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சித்திரையிலை பார்க்டேலுக்கு ஒரு அலுவலாப் போனனான். அங்கை ஒரு பொடியனைச் சந்திச்சன். எங்கடை கிருபனோடை ஒண்டா அடைபட்டிருந்தவன். தப்பி வந்திட்டான். கிருபனைப் புதைச்ச ஆக்களிலை தானும் ஒராளாம்."

"உண்மையாத்தான் இருக்குமோ அங்கிள்?" என்று கேட்டேன். அதைவிட மடத்தனமான கேள்வி இருக்க முடியாது.

"முதுகிலை இருந்த மறுவைச் சொன்னவன்."

சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. தூரத்தில் நடந்த சாவென்றால் கேள்விப்பட்ட நாளில் இருந்து முப்பத்தொரு நாள், அந்தியேட்டிக் கிரியை செய்து கழிக்கும் வரைக்கும் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. இது எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தியேட்டி செய்வதென்றால் தாய்க்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. ஆகவே சித்திரையில் தொடங்கிய துடக்கு அவருக்கு ஐப்பசியிலும் முடியவில்லை. முழங்கால் நோ என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"செத்த பிள்ளைக்கு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடக்குது. நான் சப்பாத்துத் தட்டடியிலை நிண்டு அதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். இனி என்னாலை ஏலாது, பிள்ளை."

"ஏன் அன்ரிக்குச் சொல்லேல்லை?"

"மயூரி வயித்திலை பிள்ளையோடை இருந்தவள். அவள் பெறட்டும் எண்டு இருந்தன். பெத்தாப் பிறகு, பிள்ளையின்ரை முப்பத்தொண்டு கழியட்டும் எண்டு இருந்தன். மலர் அந்த முதல் வெள்ளியை நினைச்சுத்தான் எழும்பி முழுகுறா, சமைக்கிறா. அதை நான் எப்பிடிப் பறிக்கிறது? பேர் தானா நிண்டுபோனா, ரெண்டு மூண்டு மாசத்திலை மெல்ல மெல்லப் பழகிவிடும்."

பிள்ளையின் பெயர் இல்லாமல் போவது தாய்க்குப் பழகிவிடும் என்று நினைக்க ஒரு ஆம்பிளையால்தான் முடியும். அதை அவரிடம் சொல்லவில்லை. "வெள்ளிக்கு முதல் பாக்கிறன் அங்கிள்" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு கிருபனின் வரியைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன். எனக்கென்ன வந்தது என்று வீட்டுக்குப் போனேன். ஆனால் நித்திரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசைக்கு முன்னமே யோகமலர் அன்ரி என் அறைக்கு வந்தார். முழுகித் தலைமயிரின் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தார். கையில் அர்ச்சனைத் தட்டு. கண்ணாடிக்கு அப்பால், சப்பாத்துத் தட்டடியில், அங்கிள் சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸ் ஒன்றை வாசித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஐஞ்சு பேருக்குத்தான் இடமாமே? இவர் வீட்டை வந்து சொன்னவர். பேரனைப் போடுறதெண்டா ஒராளை எடுக்க வேணுமாம்."

நான் சொல்ல வேண்டிய பொய்யை எனக்காக அங்கிளே சொல்லிவிட்டார். மறுப்பதா, ஒத்துக்கொள்வதா? விடிய ஐந்து மணிக்கு எழும்பியவள். கால் இரண்டும் உளைந்துகொண்டிருந்தன. "ஓம் அன்ரி" என்று வாயில் வந்தது. களைத்த வாயில் எப்போதும் அதுதான் வரும்.

"அதுக்கென்ன. என்ரை பேரை எடுத்துப்போட்டு மிதுனனைப் போடுங்கோ."

"உங்கடை பேரையோ?"

"பின்னை? எனக்கு என்னத்துக்கு அர்ச்சனை? நான்தான் நேரை நிண்டு கும்பிடுறனே. இவர் கிருபனை எடுப்பமோ எண்டு கேக்கிறார். ஆருக்கும் மூளை இருந்தா அப்பிடிக் கேப்பினமோ? அவன்தான் எங்கையோ வரேலாமல் கிடக்கிறான், அவனுக்குத்தானே முதல் வேணும்."

ஆறாவது வரி இருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். உங்கள் மகன் இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் நின்று, போன வருடத்துத் தேர்த்திருவிழா நோட்டீஸை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் கூட. மனுசன் காதால் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் யோகமலர் என்ற வரியைப் பிடித்து அழித்தேன்.

அப்படி அழித்தால் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும். மாற்றம் இந்த மாதத்துக்கு மட்டுமா, இனி வரும் எல்லா மாதத்துக்குமா? அன்ரியிடம் கேட்டேன்.

"எல்லா மாசத்துக்கும்தான். அவன் வந்து சேரட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு மண்டபத்துக்குள் போனார். மயூரியும் ஸ்ரீதரனும் பிள்ளையோடு ஏற்கெனவே உள்ளே நின்றார்கள்.

நடுவில் ஒரு வரி போனால் கீழே இருக்கிறவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள். அது அந்தப் புரோகிராமின் வழக்கம். பட்டியலை அடித்து ஐயரிடம் கொடுத்துவிட்டு வந்து இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"பூரட்டாதி நட்சத்திரம், இராஜரட்ணம். அனுஷ நட்சத்திரம், கிருபன்."

கண்ணாடிக்கு அப்பால் அங்கிள் சுவரில் இருந்து முகத்தைத் திருப்பினார். மயூரியின் பெயர் வந்தது, மருமகனின் பெயர் வந்தது, பேரனின் பெயர் வந்தது. ஐயர் மந்திரத்துக்குள் போய்விட்டார். அங்கிள் இன்னும் ஒரு பெயருக்காகக் காத்து நின்றார். பிறகு என் வாசலுக்கு வந்தார்.

"மலரின்ரை பேர் எங்கை?"

"தன்ரை பேரை எடுக்கச் சொன்னவ. மகனுக்கு இடம் வேணுமாம்."

உயிரோடு நிற்கிற பெண்சாதிக்குப் பெயர் இல்லை. மண்ணுக்குள் போன மகனுக்கு, அதுவும் தன் பெயருக்குப் பக்கத்தில், நட்சத்திரம் சொல்லியாகிறது. எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் போய் மண்டபக் கதவைத் திறந்துகொண்டு, நிலைக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"மலர்!"

கோயிலில் அப்படி ஒருவரும் கத்துவதில்லை. எல்லாரும் திரும்பினார்கள். நானும் எழும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்றேன்.

"என்னப்பா இது, வாசல்லை நிண்டு கத்துறியள்? உள்ளுக்கு வாங்கோவன்" என்று அன்ரி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் வரேலாது."

"ஏன், காலோ?"

"எனக்குத் துடக்கு, மலர்."

அன்ரி சிரிக்கப் பார்த்தார். "ஆற்றை துடக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற மயூரியைப் பார்த்தார். அவள் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற கணவனைப் பார்த்தார். அவருக்குச் சொந்தமென்று இந்த நாட்டில் இருந்த எல்லாரும் அங்கே நின்றார்கள்.

அர்ச்சனைத் தட்டை மெதுவாகக் குனிந்து நிலத்தில் வைத்தார். தேங்காய் உருண்டு போனது. துடக்கு என்று தெரிந்த பிறகு சாமிக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பது அந்த நேரத்திலும் அவருக்கு மறக்கவில்லை. சாமியைத் திரும்பிப் பார்க்காமல், யாரிலும் முட்டாமல், ஆட்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தார். ஐயர் மைக்கை நிற்பாட்டிவிட்டார்.

அன்ரியை என் அறையில்தான் இருத்தினேன். மயூரி பிள்ளையை ஸ்ரீதரனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து தாயின் காலடியில் இருந்தாள். அங்கிள் நின்றபடியே இருந்தார். இரத்தினவேல் அண்ணை என்ன பிரச்சினை என்று கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"எப்பவாம்?" என்று அன்ரி கேட்டார்.

"போன வருசம் ஆடியிலை."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சித்திரையிலை."

அன்ரி கணவனை நிமிர்ந்து பார்த்தார். நான் என்றால் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன். ஆடியில் போன பிள்ளைக்கு மாதா மாதம் கை தூக்கிக் கும்பிட வைத்ததற்கு ஒன்று, தெரிந்த பிறகும் வாய் திறக்காததற்கு இன்னொன்று. அவரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றதுபோல் இருந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் தனியவே இருந்து அழுதனீங்கள்?" என்று அன்ரி கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த மனுசன் அழுதார். வாய்விட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்ரி அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். அதன் பின் அவரும் அழுதார், மயூரியும் அழுதாள். மூன்று பேர் அழுகிற இடத்தில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமிருக்கவில்லை. களைப்பென்று இவ்வளவு நாளும் நான் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் என்ன களைப்பு என்று தோன்றியது.

அழுது முடிந்த பிறகு ஸ்ரீதரன் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். அங்கிளும் மயூரியும் முன்னால் போனார்கள். அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். கதவடி மட்டும் போனவர் நின்று, திரையைப் பார்த்தார். அவர்களுடைய குடும்பம் இன்னும் திறந்தபடியே கிடந்தது.

"பிள்ளை, முப்பத்தொண்டு முடியட்டும். பிறகு என்ரை பேரைத் திருப்பிப் போட்டுவிடுங்கோ. இப்ப இடம் இருக்குத்தானே."